சான்றுபெற்ற களைப்பாளர்களுக்கு மட்டும்

"பன்னிரண்டு மணித்தியாலம் படுத்தவளுக்கு என்னெண்டு களைப்பு வரும்? முதல் எனக்கு அதைச் சொல்லு—"

"கதவைச் சாத்திப்போட்டுக் கதையுங்கோ, பிள்ளை இப்பதான்—"

"இப்பதானோ? நேற்று ஒன்பதுக்குப் படுத்தவள்! நான் முப்பத்தினாலு வருஷம் தபால் கந்தோரிலை—"

"தொடங்கியாச்சு தபால் கந்தோர்."

"ஒரு மெடிக்கல் லீவு எடுத்திருப்பனா? ஒண்டு?"

"அங்கை எடுக்கேல்லை. அவ்வளவு லீவையும் வீட்டுக்கு வந்து எங்களிட்டைத்தானே எடுத்தனீங்கள். ஒரு கோப்பை கழுவியிருப்பியளா?"

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றின் மாடி வீட்டில், இளைப்பாறிய தபால் அதிபர் வரதராசாவும் மனைவி சிவமணியும் இதை நான்கு மாதங்களாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரைப் பற்றிப் பேசினார்களோ அவள் உள்ளறையில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். திருப்பிக் கதைக்க அவளிடம் தெம்பில்லை.

தனுஷியாவுக்கு இருபத்தொன்பது வயது. பட்டம் முடித்து ஐந்து வருடம் காத்திருந்து ஒரு திணைக்களத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனவள். ஆகி ஒரு வருடத்தில் தொண்டை நொந்தது. கழுத்தில் நெறி கட்டியது. காய்ச்சல் காய்ந்தது. டொக்டர் கதிர்காமநாதன் இரத்தம் சோதித்து, மொனோநியூக்கிளியோசிஸ் என்று பெயர் சொன்னார். மூன்று கிழமையில் காய்ச்சல் போய்விட்டது. களைப்பு மட்டும் போகவில்லை. லீவு முடிந்ததென்று வரதராசா அவளை விடியற்காலை ஐந்தரைக்கு எழுப்பி வேலைக்கு அனுப்பினார். எட்டு நாள் எழுப்பினார், எட்டு நாள் போனாள். ஒன்பதாம் நாள் பஸ் வந்து நின்றது, மிதிபலகையில் கால் ஏறவில்லை. அன்று படுத்தவள்.

இந்த மாதம் நாலாம் திகதி திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. முப்பதாம் திகதிக்குள் 'அரச ஊழியர் தொடர்களைப்பு மதிப்பீட்டுச் சபை'யின் சான்றிதழ் சமர்ப்பிக்கப்படாவிட்டால், உத்தியோகத்தர் தமது பதவியைத் தாமாகவே வறிதாக்கி விலகியதாகக் கருதப்படும்.

"பாத்தியா? இதுக்கெண்டு ஒரு சபையே இருக்கு," என்றார் வரதராசா. அவர் முகம் நான்கு மாதத்தில் முதன்முறையாகத் தெளிந்தது. "சபை பாத்துச் சொல்லட்டும். களைப்பெண்டால் களைப்பு, சோம்பலெண்டால் சோம்பல். முறையெண்டு ஒண்டு இருக்குத்தானே."

*

சபை கொட்டாஞ்சேனையில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் இருந்தது. தமிழ் அமர்வு புதன்கிழமைகளில். ஒன்பதாம் திகதி புதன்கிழமை தகப்பனும் மகளும் ஓட்டோ பிடித்துப் போனார்கள்.

கீழ்த்தளத்தில் கண்ணாடிபோல் மினுங்கும் லிப்ட் ஒன்று இருந்தது. அதன் மேல் மூன்று மொழியிலும் ஒரு பலகை: 'சபை உத்தியோகத்தர்களுக்கும் சான்றுபெற்ற களைப்பாளர்களுக்கும் மட்டும்.' பக்கத்தில் ஒரு காவலாளி.

"தம்பி, பிள்ளைக்கு ஏலாது. லிப்டிலை விடுங்கோ."

"சேட்டிபிகட் இரிக்கா சேர்?"

"அதை எடுக்கத்தான் வந்தனாங்கள்."

"எடுத்திட்டு வாங்க, நானே ஏத்தி விடுறன்."

"எங்கை எடுக்கிறது?"

"அஞ்சாம் மாடீல."

"அங்கை எப்பிடிப் போறது?"

"படியால."

வரதராசா சற்று யோசித்தார். "சரி. முறையாத்தான் கிடக்கு. எல்லாரையும் ஏத்தினால் லிப்ட் பழுதாப்போகும்," என்று மகளுக்கு விளக்கினார்.

காவலாளி படியேற்றப் பதிவேட்டைத் திறந்தார். பெயர், அடையாள அட்டை இலக்கம், ஏறத் தொடங்கிய நேரம். மேலே இன்னொரு பதிவேடு இருப்பதாகவும், அதில் வந்தடைந்த நேரம் எழுதப்படும் என்றும், இரண்டையும் கிழமைதோறும் ஒப்பிட்டு வரைபு கீறுவார்கள் என்றும் சொன்னார்.

மொத்தம் நூற்றுப் பதினெட்டுப் படி. நாற்பத்தோராவது படியில் தனுஷியா இருந்துவிட்டாள்.

"எழும்பு பிள்ளை. இன்னும் கொஞ்சம்தான்."

"எழுபத்தேழு, அப்பா."

"எண்ணுறதுக்குத் தெம்பிருக்கு."

"அது மட்டும்தான் இருக்கு." அவள் சுவரில் தலையைச் சாய்த்தாள். "கால் என்ரை இல்லாத மாதிரிக் கிடக்கு. நீங்கள் போட்டு வாங்கோ."

அங்கே ஒரு கதிரை இருந்திருக்கலாம். முன்பு இருந்ததாம். கதிரை போட்டால் களைத்தவரையும் களையாதவரையும் பிரித்தறிய முடியாது என்று கணக்காய்வில் குறிப்பு வந்ததால் எடுத்துவிட்டார்கள்.

வரதராசா தனியே ஏறினார். ஐந்தாம் மாடியில் பைறோஸா என்ற உத்தியோகத்தர் மேசையில் இருந்தார். அமைதியான மனுசி, ஒவ்வொரு விதியையும் தானே சுமந்து வந்து இறக்கிவைப்பவர்போல் பேசினார்.

"ஆள் வரல்லயே சேர். 'சமுகமளிக்கவில்லை' எண்டு போட்டிட்டன்."

"வந்தவ. இரண்டாம் மாடிக்குக் கிட்ட இருக்கிறா. களைச்சுப்போனா."

"களைச்சா எண்டு நீங்க செல்றீங்க. சபை இன்னும் செல்லல்ல."

"அப்ப சபை இறங்கி வந்து பாக்கட்டும்."

"சபை படியால எறங்கிறல்ல சேர். சபைக்கு லிப்ட். லிப்ட் நடுவில நிக்கிறல்ல."

"சரி, அவ எப்பிடியும் ஏறி வந்திட்டா எண்டு வையுங்கோ."

"'வந்தடைந்தார்' எண்டு போடுவன். அஞ்சு மாடி ஏறின ஆளுக்குக் களைப்பில்லத்தானே? விண்ணப்பம் அதோட முடிஞ்சு."

வரதராசா இதை மனதுக்குள் இரண்டுதரம் வாசித்துப் பார்த்தார்.

"பிள்ளை, இதுவரைக்கும் எத்தினை பேருக்குச் சான்றிதழ் குடுத்திருக்கிறியள்?"

"ஒருத்தருக்கும் இல்ல."

"ஒருத்தருக்குமோ?"

பைறோஸா சுவரோரமிருந்த அலுமாரியைக் காட்டினார். உள்ளே ஒரு வெள்ளிக் கிண்ணம். "உற்பத்தித்திறன் விருது. போன வருஷம் கெடச்ச. தேங்கிக் கெடக்கிற விண்ணப்பம் பூச்சியம்." பிறகு, வரதராசாவின் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "கவலப்படாதீங்க. ஆள் வராட்டியும் ஆவணத்த முற்கூட்டிக் குடுக்க ஏலும். எந்த நாளும் ஏலும். இந்தாங்க, ஒன்பது பக்கம்."

*

படிவத்தைக் கண்டால் வரதராசாவுக்கு ஒரு மரியாதை வரும். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, நீலப் பேனையை எடுத்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்தார். முப்பத்தினாலு வருடத்தில் அவர் எந்தப் படிவத்திலும் ஒரு பெட்டியை வெறுமையாக விட்டதில்லை. வெறும் பெட்டியைக் கண்டால் வேறு யாரும் எதையும் எழுதிவிடலாம் என்பது அவர் கொள்கை.

பதினான்காம் பெட்டியில் பேனை நின்றது. 'களைப்புக்கான காரணம். ஒன்று மட்டும்.'

அன்று மாலையே டொக்டர் கதிர்காமநாதனிடம் போனார்.

"ஒண்டு மட்டுமோ?" டொக்டர் சிரித்தார். அவரும் களைத்துப்போய்த்தான் இருந்தார், வெளியே இன்னும் இருபது பேர். "அண்ணை, வைரஸ் வந்து போனது. கனபேருக்குச் சின்ன வயசிலையே வந்து தெரியாமல் போயிடும். வளந்தாப் பிறகு வந்தால் ஆளை முறிச்சுப் போடும். காய்ச்சல் விட்டாலும் அலுப்பு லேசிலை விடாது. சிலருக்குக் கிழமைக் கணக்கு, சிலருக்கு ஆறு மாதம், அதுக்கு மேலையும் இழுக்கும். அது ஒண்டு."

"அது ஒண்டு போதும். எழுதுங்கோ."

"பொறுங்கோ. இரத்தத்திலை இரும்புச்சத்துக் குறைவு. விட்டமின் டி குறைவு. தைரொயிட் சரி, அது நல்லது. நித்திரை கொள்ளுறா, ஆனால் ஆறுதல் இல்லை. மனமும் விழுந்து கிடக்கு. இது எல்லாத்துக்கும் மேலை, காய்ச்சல் விட்ட கையோடை வேலைக்கு ஓடினவ. ஆர் அனுப்பினது?"

வரதராசா மேசையிலிருந்த தராசைப் பார்த்தார்.

"இதிலை எது எவ்வளவெண்டு எனக்கே தெரியாது, அண்ணை. ஒவ்வொண்டாப் பாத்துத்தான் போகவேணும். 'இப்போதைக்குத் தெரியாது' எண்டு எழுதித் தரட்டே?"

"பெட்டி நிரம்புமோ?"

"நிரம்பும். சின்ன எழுத்திலை எழுதுறன்."

பதினேழாம் பெட்டி அதைவிட மோசம். 'நோய் பரவிய வழி.' டொக்டர் உமிழ்நீர் என்று எழுதியிருந்தார். அதன் கீழே: 'பரப்பியவரின் முழுப் பெயரும் கையொப்பமும்.' சிவமணி தோளுக்கு மேலால் எட்டி வாசித்தார்.

"இஞ்சருங்கோ, இதை முத்தக் காய்ச்சல் எண்டுதானாம் வெளிநாட்டிலை சொல்லுறது. மேல்வீட்டுக்காரி போனிலை தட்டிப் பாத்துச் சொன்னவ. பிள்ளையைக் கேட்டு வந்த கல்கிசைச் சம்பந்தக்காரற்றை காதிலை விழுந்தால்..."

வரதராசா உள்ளறை வாசலில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். "பிள்ளை. நான் கோபிக்கமாட்டன். ஆர் அது?"

தனுஷியா கண் திறக்கவில்லை. "கோப்பை, அப்பா."

"என்ன?"

"கந்தோர்த் தேத்தண்ணிக் கோப்பை. பதினொரு பேருக்கு நாலு கோப்பை. ஒரு வாளித் தண்ணியிலை அலம்பி அலம்பித் தாறது."

வரதராசாவுக்கு வந்த நிம்மதியை எழுத அந்தப் படிவத்தில் பெட்டி இல்லை. அடுத்தநாள் காலை கந்தோர் திறந்ததும் திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுத்தார். நிர்வாக உத்தியோகத்தர் சுகிர்தன் பேசினார்.

"ஐயா, அந்தக் கோப்பை இருப்புப் பதிவேட்டிலை 'நல்ல நிலையில்' எண்டு கிடக்கு. நல்ல நிலையிலை இருக்கிற அரச கோப்பை எப்பிடி ஐயா வருத்தம் குடுக்கும்?"

"அப்ப ஆர் கையெழுத்து வைக்கிறது?"

"அது பழுதெண்டு சபையொண்டு கூடி முடிவெடுத்தால் நான் வைப்பன். அதுவரைக்கும் நானும் அதிலைதான் குடிக்கிறன்."

பதினேழாம் பெட்டியில் வரதராசா, 'கோப்பை (அரச உடைமை), கையொப்பமிட இயலாதது' என்று எழுதினார். உண்மைதானே.

*

பத்தாம் திகதி படிவத்தோடு ஏறினார்.

"சேர், 'தெரியாது' எண்டிறது காரணமில்ல," என்றார் பைறோஸா. "டொக்டர் கீழ அஞ்சு காரணம் எழுதியிரிக்காரே. ஒரு காரணத்துக்கு ஒரு விண்ணப்பம். அஞ்சாப் போடுங்க."

ஐந்து முறை ஒன்பது பக்கம். வரதராசா ஒரு பெட்டியும் விடாமல் நாற்பத்தைந்து பக்கத்தையும் நிரப்பினார். பதினோராம் திகதி கொண்டுபோய்க் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் புகைப்படம் வேண்டுமென்று இறக்கினார்கள். பதினாலில் புகைப்படத்தோடு ஏறினார். புகைப்படத்தில் பிள்ளை களைத்தவள்போல் தெரியவில்லை என்று இறக்கினார்கள். பதினைந்தில் இப்போதைய படத்தோடு ஏறினார். அதில் களைத்திருப்பதால் அடையாள அட்டையோடு முகம் ஒத்துவரவில்லை என்றார்கள். பதினாறாம் திகதி புதன்கிழமை சமாதான நீதவானின் உறுதிப்படுத்தலோடு ஏறினார். அன்று அமர்வு கூடி ஐந்தையும் தீர்த்தது.

பைறோஸா தீர்மானங்களை வாசித்தார். "முதலாவது, வைரஸ். 'இரும்புச்சத்துக் குறைவினாலும் களைப்பு ஏற்பட்டிருக்கலாம் என்பதால் நிராகரிக்கப்படுகிறது.' ரெண்டாவது, இரும்புச்சத்து. 'வைரசினாலும் ஏற்பட்டிருக்கலாம் என்பதால் நிராகரிக்கப்படுகிறது.' மூணாவது..."

"விளங்கிது."

"வாசிச்சு முடிக்கணும் சேர். 'மூன்றாவது, நித்திரை ஆறுதலின்மை. நித்திரை வராதவருக்கே களைப்பு வரும், இவருக்கு நித்திரை வருகின்றது.' நாலாவது, விட்டமின் டி. 'விண்ணப்பதாரி வெயிலில் நின்று திரும்பவும் விண்ணப்பிக்கலாம்.' அஞ்சாவது, மனச்சோர்வு. 'இது பிரிவு இரண்டுக்குரியது. பிரிவு இரண்டு இன்னும் ஆரம்பிக்கப்படவில்லை.'"

"வேலைக்கு நேரத்தோடை திரும்பப் போனது? அதுவும் டொக்டர் சொன்னவர்."

பைறோஸா கடிதத்தைப் புரட்டினார். "அது எழுத்தில இல்லயே சேர். அப்பிடியெண்டா, யார் அனுப்பின எண்டு பெயர் எழுதணும்."

வரதராசா பேனையை எடுத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கடுதாசி கேட்டு, ஆறாவது விண்ணப்பம் எழுதினார். பெயர் எழுத வேண்டிய இடத்தில் தன் முழுப் பெயரையும் எழுதினார்.

அதுவும் நிராகரிக்கப்பட்டது. தகப்பன் தகுதிவாய்ந்த அதிகாரி அல்ல. அந்த முடிவை வாங்கப் பதினெட்டில் ஒருமுறை ஏறினார், மேன்முறையீட்டுக்கு இருபத்தொன்றில் ஒருமுறை.

இவ்வளவுக்கும் இடையில் படியேற்றப் பதிவேடு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. வரதராசா பத்தாம் திகதி நாலு நிமிடத்தில் ஏறினார். பிறகு ஆறு. பிறகு ஒன்பது. பதினாறாம் திகதி பதினாலு. இருபத்தொன்றில் இருபத்தாறு நிமிடம். அன்று நாற்பத்தோராவது படியில் இருந்தவர், சுவரில் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மகள் சாய்த்த இடத்தில் எண்ணெய் படிந்த ஒரு அடையாளம் இருந்தது. அவளுக்கு முன்னும் பலர் சாய்த்திருக்க வேண்டும்.

இருபத்துமூன்றாம் திகதி அமர்வுக்கு வரும்படி அவர் பெயருக்கே கடிதம் வந்தது.

*

நீண்ட மேசை. தலைவர் நடுவில். இருபக்கமும் இரண்டிரண்டு உறுப்பினர்கள். ஐந்து பேருக்கும் முன்னால் ஐந்து தேநீர்க் கோப்பைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மூடி. தலைவர் எழுந்து நின்றார். வரதராசாவை இருக்கச் சொல்லவில்லை.

"அன்பார்ந்தவரே! களைப்பு என்பது தேசிய விரயம். நான் ஆறு வருடங்களாக இச்சபையின் தலைவர். ஒரு நாளேனும் களைத்ததில்லை. எப்படி என்று கேட்பீர்கள். ஒழுங்கு! ஒன்பதரைக்கு வாகனம் வரும். லிப்டில் ஏறுவேன். பத்துக்குத் தேநீர். பதினொன்றுக்குக் கையொப்பம். பன்னிரண்டுக்கு மதியபோசனம். இரண்டுக்குத் திரும்பவும் வாகனம். இந்த எளிய ஒழுங்கை நம் மக்கள் கடைப்பிடிக்கிறார்களா? இல்லை. பஸ்ஸில் நிற்கிறார்கள். படியில் ஏறுகிறார்கள். பிறகு களைப்பு என்கிறார்கள்!"

உறுப்பினர்கள் தலையசைத்தார்கள்.

"இச்சபை கல்நெஞ்சச் சபையல்ல. உண்மையான களைப்பைக் கண்டால் அங்கீகரிக்கும். ஆறு வருடங்களாகக் காத்திருந்தோம். இதோ!" என்று ஒரு வரைபை உயர்த்திப் பிடித்தார். கோடு அழகாக மேலேறியது. "நாலு, ஆறு, ஒன்பது, பதினாலு, இருபத்தாறு. சந்தேகத்துக்கிடமற்ற, படிப்படியான, பதிவுசெய்யப்பட்ட களைப்பு. காரணமும் ஒன்றே ஒன்றுதான்: படி. திருவாளர் வரதராசா, ஓய்வூதியரும் அரச ஊழியரே என்ற சுற்றுநிருபத்தின்படி, சான்றிதழ் இலக்கம் ஒன்றை உமக்கு வழங்குவதில் பெருமையடைகின்றோம்."

"ஐயா, எனக்கில்லை. என்ரை மகளுக்கு."

"மகளின் விண்ணப்பக் கோவை வேறு. உமது கோவை பூரணமானது."

"நான் எனக்கெண்டு விண்ணப்பிக்கவே இல்லை."

"அதனால்தான் நம்புகின்றோம்," என்றார் தலைவர். "விண்ணப்பிப்பவர்கள் எல்லோரும் தமக்குக் களைப்பு என்றுதான் சொல்கிறார்கள்."

படம் எடுத்தார்கள். பைறோஸா வாசல்வரை வந்தார். "சேர், ஒரு விசயம். சான்றுபெற்ற களைப்பாளர் லிப்டில உதவியாளர் ஒருத்தரக் கூட்டிக்கொண்டு வர ஏலும். மகளக் கூட்டிட்டு வாங்க. முப்பதாம் திகதிதான் கடைசி அமர்வு." அதைச் சொல்லிவிட்டு, சொல்லாதவர்போல் திரும்பிப் போனார்.

வரதராசா ஆறு வருடத்தில் அந்த லிப்டில் ஏறிய முதல் பொதுமகனாகக் கீழே இறங்கினார். காவலாளி எழுந்து நின்று சலியூட் அடித்தார்.

*

வீட்டுக்கு வந்து, பகல் மூன்று மணிக்கு, சட்டையும் கழற்றாமல் செற்றியில் படுத்தார். எழும்பும்போது ஆறரை. தனுஷியா பக்கத்துக் கதிரையில் போர்வையோடு இருந்தாள்.

"அப்பா, தேத்தண்ணி வேணுமோ? அம்மா போட்டு வைச்சிருக்கிறா."

"பிறகு." அவர் எழும்ப முயன்று விட்டுவிட்டார். "மூண்டரை மணித்தியாலம் படுத்தும் படுக்காத மாதிரியே கிடக்கு."

தனுஷியா போர்வையை இழுத்துக் காலை மூடினாள்.

"உடம்பு முழுக்க ஈரச்சாக்கு ஏத்தின மாதிரி."

"ஓம்."

"உனக்கும் இப்பிடியே?"

"எனக்கு நாலு மாதமா இப்பிடி, அப்பா."

சமையலறையில் சிவமணி கரண்டியை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அந்த எட்டு நாளும்," என்றார் வரதராசா. "விடியக் காலமை நான் வந்து எழுப்பேக்கை... நீ ஒண்டும் சொல்லேல்லை."

"சொன்னனான். நீங்கள் லைற்றைப் போட்டிட்டுப் போட்டியள்."

*

முப்பதாம் திகதி ஓட்டோவிலேயே அவள் கண் சொருகிவிட்டது. லிப்டடியில் காவலாளி உதவியாளர் படிவத்தை நீட்டினார். ஒரே பக்கம். வரதராசா அதைச் சுவரில் வைத்து நிரப்பினார். உதவியாளரின் பெயர். உறவு. உயரம். நிறை. ஒரு பெட்டியும் விடவில்லை. கடைசிப் பெட்டியில் 'ஆம் / இல்லை' என்றிருந்தது. 'ஆம்' என்று அடையாளமிட்டார். இல்லையென்றால் லிப்டில் விடமாட்டார்கள் என்பதுதான் அவர் யோசித்தது. மகளிடம் பேனையைக் கொடுத்து இடத்தைக் காட்டினார். அவள் வாசிக்காமல் கையெழுத்து வைத்தாள்.

லிப்ட் ஒரு சத்தமுமில்லாமல் ஏறியது. "நல்லாயிருக்கு," என்றாள் தனுஷியா.

அமர்வு அறையில், களைப்பாளர் இலக்கம் ஒன்றுக்கென்று இப்போது மெத்தை போட்ட கதிரையொன்று வாங்கிவைத்திருந்தார்கள். வரதராசா அதில் மகளை இருத்தினார். விதியில் அதற்குத் தடை இருக்கிறதா என்று உறுப்பினர்கள் தேடத் தொடங்கினார்கள். தேடி முடியும்வரை மின்விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கதிரையில் இரண்டு பக்கமும் கை வைக்க இடமிருந்தது. தலை சாய்க்கவும் இடமிருந்தது.

தலைவர் கோவையைத் திறந்தார். அதில் மேலே இருந்தது சற்றுமுன் கீழே நிரப்பிய படிவம்.

"செல்வி தனுஷியா வரதராசா. 'நான் உடல் வலுவுள்ளவர் எனவும், களைப்பாளரைத் தாங்கவும் தேவையேற்படின் தூக்கிச் செல்லவும் இயலுமானவர் எனவும் உறுதிப்படுத்துகின்றேன். ஆம்.' இது உமது கையொப்பம்தானே?"

"ஐயா, அந்தப் பெட்டியை நிரப்பினது நான். அவ வாசிக்கேல்லை."

"நிரப்பியது யாரென்பது முக்கியமல்ல. நிரம்பியிருக்கிறது." தலைவர் உறுப்பினர்களைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "எனினும் இச்சபை சந்தர்ப்பம் அளிக்கும் சபை. ஒரே ஒரு கேள்வி. மூன்று முறை கேட்பேன். உமக்குக் களைப்பா? 'ஆம்' என்றால் இந்த உறுதிமொழி பொய், ஒழுக்காற்று விசாரணை நடக்கும். 'இல்லை' என்றால் ஒரு பிரச்சினையுமில்லை, நாளைக் காலையே கடமைக்குத் திரும்பலாம், இப்போதே கடிதம் தருவோம். பதிலில்லை என்றால் பதவி வறிதாகும். செல்வி தனுஷியா, உமக்குக் களைப்பா?"

பதில் இல்லை.

பைறோஸா எட்டிப் பார்த்தார். "சேர்," என்றார் மிக மெதுவாக. "பிள்ள தூங்கிட்டு."

தனுஷியாவின் வாய் சற்றுத் திறந்திருந்தது. கை கதிரையிலிருந்து வழுகித் தொங்கியது. நான்கு மாதமாக நித்திரையிலும் சுருங்கியே இருந்த நெற்றி இப்போது விரிந்து கிடந்தது.

"இரண்டாம் முறை," என்றார் தலைவர், குரலை உயர்த்தி. "உமக்குக் களைப்பா?"

ஒரு உறுப்பினர் தேநீர் மூடியைத் திறந்து மூடினார். அந்தச் சத்தத்துக்குக்கூட அவள் அசையவில்லை.

பைறோஸா மேசையைச் சுற்றி வந்து வரதராசாவின் காதுக்குள் சொன்னார். "தட்டி எழுப்புங்க சேர். 'இல்ல' எண்டு ஒரு சொல்லு செல்லட்டும், போதும். அஞ்சு வருஷம் காத்திருந்து எடுத்த வேலயாமே."

"ஓம், அதுதான் நல்லது. எழுப்பும், எழுப்பும்," என்று தலைவரும் ஊக்கப்படுத்தினார். கோவையின் கடைசித் தாளை, 'விண்ணப்பதாரியின் பதில்' என்ற முப்பத்தோராம் பெட்டி தெரியத் திருப்பி, வரதராசாவின் பக்கம் தள்ளினார். "பாரும், இது மட்டும்தான் வெறுமையாக இருக்கிறது. நீர் தபால் அதிபராக இருந்தவராமே. உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவர் 'இல்லை' என்றதும் நீரே அதை எழுதிவிடலாம்."

வரதராசா மகளின் தோளுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். எட்டு நாளும் தொட்ட அதே தோள். கையை எடுத்தார். தொங்கிய அவள் கையைத் தூக்கி மடியில் வைத்தார். நீலப் பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

தலைவர் எழுந்து நின்று, கடைசி முறைக்காகத் தொண்டையைச் செருமினார். "செல்வி தனுஷியா வரதராசா!"

"கொஞ்சம் மெதுவாக் கதையுங்கோ, ஐயா," என்றார் வரதராசா. "பிள்ளை இப்பதான் கண்ணயந்தவ."